சரளமாகப் பேசுகிறவரின் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பிழைகள்: அவரையே கண்டுபிடிக்க வைத்து நீக்குவது எப்படி?

ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுகிறார், கூட்டங்களில் கருத்துச் சொல்கிறார், நீளமான மின்னஞ்சல் எழுதுகிறார். ஆனால் 'ஹி டோல்ட் தட்', 'டிஸ்கஸ் அபவுட்', 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' மட்டும் பல வருஷமாக மாறவே இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இப்படி ஒருவருக்கு உதவ நினைக்கும் ஆசிரியர், பயிற்சியாளர், அலுவலக மூத்தவர், நண்பர் எல்லோருக்குமான வழிகாட்டி இது.

ஆரம்பநிலை மாணவருக்குச் செய்வதையே இவருக்கும் செய்தால் பலன் கிடைக்காது. விதியை விளக்கினால் தலையாட்டுவார். பயிற்சித்தாளில் எல்லாவற்றையும் சரியாக நிரப்புவார். வெளியே போனதும் பழையபடி பேசுவார். பிழையோடு பேசினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது, வேலையும் நடந்துவிடுகிறது. அதனால் பிழை நடந்தது என்ற செய்தியே அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. இப்படி இறுகிப்போவதை மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் 'ஃபாசிலைசேஷன்' என்று அழைத்தார். இறுக்கத்தைத் தளர்த்த வேண்டுமானால், பிழையை அவரே கேட்கவும் பார்க்கவும் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். புதிதாக உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றித்தான் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, ஒரு நோட்டு, அவர் சமீபத்தில் எழுதிய நான்கைந்து மின்னஞ்சல்கள். மின்னஞ்சல்கள் கிராமர்லி போன்ற செயலிகளோ சாட்ஜிபிடியோ தொடாதவையாக இருக்க வேண்டும். தொட்டிருந்தால் நீங்கள் படிப்பது செயலியின் ஆங்கிலத்தை.

இரண்டு மாதமாவது தொடர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் போதும். ஆனால் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டால், தன் பிழைகளைப் பற்றிய கூச்சம் மட்டும்தான் அவருக்கு மிஞ்சும்.

1. திருத்தாமல் பதிவு செய்யுங்கள்

முதல் இரண்டு சந்திப்புகளில் ஒரு பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அவர் எச்சரிக்கையாகப் பேசுவார். எச்சரிக்கையாகப் பேசும்போது வராத பிழைகளைத்தான் நாம் தேடுகிறோம்.

பதிவு செய்யப் போவதை மறைக்க வேண்டாம். அனுமதி வாங்கி, "உங்கள் பேச்சு எனக்குக் கொஞ்சம் மாதிரிக்கு வேண்டும்" என்று சொன்னால் போதும். "இலக்கணத்தைக் கவனிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்று விதமாகப் பேசச் சொல்லுங்கள். நடந்து முடிந்த ஒன்று: போன மாதப் பயணம், கைவிட்டுப்போன ஒரு ப்ராஜெக்ட். இப்போது நடப்பது: அவருடைய வேலை என்ன, ஒரு நாள் எப்படிப் போகிறது. இனி நடக்கப்போவது: அடுத்த வருஷத் திட்டம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். மூன்றும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கடந்த காலத்தைச் சொல்லும்போது மட்டும் வரும் பிழை, வேலையை விவரிக்கும்போது தலைகாட்டாது. ஒரே தலைப்பை வைத்து முடிவெடுத்தால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

எழுதிவைத்துப் படிக்க விடாதீர்கள்.

2. அவர் பேசியதை அவரே எழுதட்டும்

பதிவில் இரண்டு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்லுங்கள். திக்கியது, திரும்பச் சொன்னது, 'யூ நோ', 'ஆக்சுவலி' எல்லாம் வர வேண்டும். அதே இரண்டு நிமிடத்தை நீங்களும் தனியாக எழுதுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பல மென்பொருள்கள் எழுதும்போதே வாக்கியத்தைச் சீர்செய்துவிடுகின்றன. நமக்கு வேண்டிய பிழையே அதில் காணாமல் போய்விடும்.

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்தப் பயிற்சி முழுவதிலும் மிக மதிப்புள்ள இடம் இதுதான். பதிவில் 'ஹி டோல்ட் தட்' என்று தெளிவாகக் கேட்கும். அவர் தாளில் 'ஹி டோல்ட் மி தட்' என்று இருக்கும். தான் சொன்னதை அவர் எழுதவில்லை, சொன்னதாக நினைத்ததை எழுதியிருக்கிறார். வாதம் செய்யாமல் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிடுங்கள். தன் காதால் கேட்கும் அந்த ஒரு கணம், நாம் கொடுக்கும் நூறு விளக்கத்தைவிடப் பெரியது. அவர் முகம் சுருங்கினால் அவசரப்பட்டுத் தேற்ற வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.

3. பிழைகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அவர் பேச்சிலிருந்து பத்து வாக்கியங்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து சரியானவை, ஐந்து பிழையானவை. எதையும் அடிக்கோடிடாமல் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அவரே கண்டுபிடித்துத் திருத்திய பிழைகள் முதல் குவியல்: தெரிந்தும் வருபவை. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, கவனிக்கும் பழக்கம்தான் தேவை.

சரி என்று நினைத்துக் கடந்துபோனவை இரண்டாவது குவியல்: தெரியாமல் வருபவை. இவற்றைக் கற்றுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, இலக்கணப் பிழைபோலத் தெரியும் உச்சரிப்புச் சிக்கல். 'ஷி வொர்க்ஸ்', 'ஐ ஆஸ்க்ட்' ஆகியவற்றில் கடைசி ஒலி விழுங்கப்படுகிறது. தமிழ்ச் சொற்களின் முடிவில் இப்படி மெய்கள் அடுக்கி நிற்பதில்லை, அதனால் நாக்கு அங்கே நிற்காமல் வழுக்கிவிடுகிறது. இதைச் சோதிப்பது எளிது. மின்னஞ்சலில் சரியாக எழுதிப் பேச்சில் மட்டும் விட்டால் அது பெரும்பாலும் வாய்க்கான வேலை. இலக்கணப் பாடம் எடுத்து நேரத்தை வீணாக்காமல், அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். 'வொர்க்ஸ் இன்', 'ஆஸ்க்ட் அபவுட்' என்று உயிரொலியில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் அந்தக் கடைசி ஒலி தானாக வெளியே வரும்.

நான்காவது, பிழையே இல்லாதவை. 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்த சொல். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'பாஸ் அவுட்' போன்றவை இந்திய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் புரிபவை. சென்னையில் சென்னைக்காரரோடு வேலை பார்க்கிறவரிடம் இவற்றைப் பிடுங்க எனக்கு மனம் வராது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிறவர் என்றால், அவர்களுக்குப் புரியாமல் போகக்கூடும் என்பதைச் சொல்லி மாற்றுச்சொல் கொடுங்கள். 'தவறு' என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

4. இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலில் பதினைந்து பிழை இருந்தாலும் வேலைக்கு எடுப்பது இரண்டு மட்டும். பேசும்போது மனம் ஏற்கெனவே என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்பதில் மும்முரமாக இருக்கும். மிச்சமிருக்கும் கவனத்தில் ஒன்றிரண்டு விஷயத்தைத்தான் கண்காணிக்க முடியும். அதற்கு மேல் ஏற்றினால் பேச்சே திக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரைத் திக்க வைப்பதைவிடப் பெரிய கெடுதல் இதில் இல்லை.

எதை எடுப்பது? அடிக்கடி வருவதும், பொருளையே மாற்றிவிடுவதுமானதை முதலில் எடுங்கள். கூடவே ஒரு வரியில் விளக்கிவிடக்கூடிய இன்னொன்று. 'எ', 'த' என்ற ஆர்ட்டிகிள் பிழைகளை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். அவை வாக்கியத்துக்கு வாக்கியம் வருவதால், தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கும் உணர்வு வந்துவிடும்.

5. தமிழில் அதன் வேரைக் காட்டுங்கள்

வளர்ந்தவர்களுக்கு 'ஏன்' தெரிந்தால் பிழை மறக்காது. இந்தப் பிழைகளில் பல, தமிழ் வாக்கியத்தை ஆங்கிலச் சொற்களால் நிரப்பியதால் வருபவை. அதைக் காட்டிவிட்டால் 'நான் முட்டாள்' என்ற எண்ணம் போய், 'சரி, இதுதான் நடக்கிறதா' என்ற தெளிவு வரும்.

'ஐ ஹேட் கான் டு டெல்லி லாஸ்ட் வீக்.' தமிழில் "போன வாரம் டெல்லி போயிருந்தேன்" என்பது இயல்பான வாக்கியம். போனேன், திரும்பி வந்துவிட்டேன் என்பதே அதன் பொருள். 'போயிருந்தேன்' அப்படியே 'ஹேட் கான்' ஆகிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஹேட்' வந்தால், கேட்பவர் அதற்குப் பிறகு நடந்த இன்னொரு சம்பவத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இதற்கு அப்புறம் நடந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லப் போகிறீர்களா?" இல்லை என்றால் 'ஐ வென்ட்' போதும்.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' "ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதில் வினை நிகழ்காலம், 'ஆக' என்ற ஒட்டு நீட்சியைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமையை வினையே தூக்க வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' இங்கே இரண்டு பிழைகள் ஒன்றாக வருகின்றன. முதலில் வினையைச் சரிசெய்யுங்கள். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு, 'ஃபார்' நீளத்துக்கு என்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

'ஹி டோல்ட் தட் ஹி வில் கம்.' தமிழில் "வருவேன் என்று சொன்னார்" என்றால் யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. 'டோல்ட்' வந்தால் உடனே ஓர் ஆளைக் கேட்கும்: 'டோல்ட் மி', 'டோல்ட் த கிளையண்ட்'. ஆள் இல்லை என்றால் 'செட்'. 'எக்ஸ்ப்ளெய்ன் மி' இதற்கு நேர் எதிர். "எனக்கு விளக்குங்கள்" என்பதில் உள்ள 'கு'வுக்கு 'டு' தேவை: 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி'.

'டிஸ்கஸ் அபவுட்' என்பது "பற்றிப் பேசினோம்" என்பதன் நிழல். 'டாக் அபவுட்' சரியாக இருப்பதால் 'டிஸ்கஸ்' அதோடு குழம்பிக்கொள்கிறது.

ஆர்ட்டிகிள் சுற்று வரும்போது தமிழே ஒரு நல்ல கருவி தருகிறது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'எ புக்'. "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம், 'த புக்'. 'த' செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தமிழில் ஐ வேற்றுமை செய்கிறது. ஆனால் இந்தச் சோதனை செயப்படுபொருளுக்கு மட்டும்தான் உதவும். மனிதரைக் குறிக்கும் பெயர்களுக்கும் சரிவராது, அவை பெரும்பாலும் ஐ ஏற்றே வரும். மற்ற இடங்களில், "எது என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்கப் பழக்குங்கள்.

எல்லாப் பிழையையும் தமிழ் மேல் போட்டுவிட வேண்டாம். 'ஐ வுட் பி சென்டிங் இட் டுமாரோ' என்பது அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மரியாதையாக இருக்கும் என்று நினைத்து 'வில்' வர வேண்டிய இடத்தில் 'வுட்' போடுகிறார்கள். அனுப்புவாரா, நிபந்தனை ஏதாவது வைக்கிறாரா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் குழம்புவார். இதற்கு வேரைத் தேடாமல் அந்தக் குழப்பத்தைக் காட்டினாலே போதும்.

6. மற்றவர் பிழையிலிருந்து தொடங்கி அவர் பிழைக்கு வாருங்கள்

கவனிக்கும் திறனை எளிதான இடத்தில் வளர்த்து, பிறகு கடினமான இடத்துக்கு மாற்ற வேண்டும். முதலில் நீங்கள் எழுதிய ஒரு பத்தியில், தேர்ந்தெடுத்த இரண்டு பிழைகளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். அடுத்து அவருடைய பழைய மின்னஞ்சலில். அதற்கடுத்து அவருடைய ஒலிப்பதிவில்: ஓடவிட்டு, பிழை வரும் இடத்தில் கை தூக்கச் சொல்லுங்கள். கடைசியில்தான் நேரடிப் பேச்சு. எழுத்து நகராமல் நிற்கும், பதிவை நிறுத்தலாம், பேச்சை எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் இந்த வரிசை.

இரண்டாவது குவியலில் உள்ளவற்றுக்கு, அதாவது தெரியாதவற்றுக்கு, டிக்டோகிளாஸ் என்ற பயிற்சி நன்றாகப் பொருந்தும். அந்த வடிவம் இரண்டு மூன்று முறை வரும் ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். அவர் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, பத்தியை மறுபடி எழுத வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். தான் எழுதியதற்கும் மூலத்துக்கும் இடையில் உள்ள ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தபின் விதியைச் சொன்னால், அது போய் உட்கார இடம் இருக்கும்.

7. விடையைச் சொல்லாமல் சைகை கொடுங்கள்

பெரும்பாலோர் திருத்தும் விதம் இது: அவர் 'வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்' என்பார். நாம் 'ஓ, யூ டிஸ்கஸ்ட் இட்' என்று சரியான வடிவத்தில் திரும்பச் சொல்வோம். அவர் 'எஸ், எஸ்' என்று மேலே போய்விடுவார். நாம் திருத்தினோம் என்பதையே அவர் கவனிக்கவில்லை, நாம் ஆமோதித்ததாக நினைத்துக்கொண்டார். கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடந்த வகுப்புகளை ராய் லைஸ்டரும் லெய்லா ராண்டாவும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது. ஆசிரியர்கள் கொடுத்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மாணவர்கள் கண்டுகொண்டு எதிர்வினை காட்டியதும் இதற்குத்தான் மிகக் குறைவு.

ஆகவே விடையை அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். எளிய வழி, பிழைக்கு முந்தைய சொல் வரை திரும்பச் சொல்லி நிறுத்துவது.

"ஹி டோல்ட் தட் சர்வர் இஸ் டவுன்."

"ஹி டோல்ட்…"

"ஹி டோல்ட் மி… இல்ல சார், என்கிட்ட இல்ல, எல்லார்கிட்டயும். ஹி செட்."

"சரி, மேல சொல்லுங்க."

இதில் 'சர்வர்' முன்னால் 'த' விடுபட்டதைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இந்தச் சுற்றில் இல்லாத பிழை. ஆசைப்பட்டு அதையும் தொட்டால், எதைக் கண்காணிக்க வேண்டும் என்பது அவருக்குக் குழம்பிவிடும்.

சைகை கொடுத்தபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இரண்டு நொடி மௌனம் தாங்காமல் விடையைச் சொல்லிவிடுவது புதியவர்களிடம் எப்போதும் நடக்கிறது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இன்னொரு துப்பு, கடைசியில்தான் விடை.

மற்றவர்கள் முன்னால் எந்தச் சைகையும் வேண்டாம். அலுவலகக் கூட்டத்தில் விரல் தூக்கினால், அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். அங்கே கேட்ட பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

8. வேகத்தைக் கூட்டுங்கள்

நிதானமாகப் பேசும்போது பிழை குறைந்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். அவசரத்தில் எல்லாம் திரும்பி வரும். அதனால் அவசரத்திலேயே பழக வேண்டும். 4-3-2 என்ற பயிற்சி இதற்கு ஏற்றது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில், இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் கைப்பேசியிடமே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. இடையில் நிறுத்தாமல் ஓடினால் பிழையும் மூன்று முறை ஒப்பிக்கப்பட்டு இன்னும் இறுகும். முதல் சுற்று முடிந்ததும் பதிவில் தேர்ந்தெடுத்த பிழை வந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்க வைத்து, அவரே திருத்திய பின் அடுத்த சுற்றுக்கு விடுங்கள்.

9. அன்றாட வேலைக்குள் நுழையுங்கள்

நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம்தான் அதிகம். மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரே ஒரு பிழைக்காக மட்டும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், கடைசி வாக்கியத்திலிருந்து மேலே ஏறி. மேலிருந்து படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும், வடிவம் கண்ணில் படாது. 'டோல்ட் தட்', 'ஹேட்', 'சின்ஸ்' ஆகியவற்றைத் தேடல் வசதியில் அடித்துப் பார்ப்பது இன்னும் விரைவு. தான் அனுப்பிய அஞ்சல்களில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று தேடிப் பார்த்த எவருக்கும் அதற்குப்பின் நம் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

நோட்டில் மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: நான் சொன்னது, சொல்ல வேண்டியது, எப்போது பிடிபட்டது. மூன்றாவதுதான் முக்கியம். முதலில் இரவு யோசிக்கும்போது பிடிபடும். அப்புறம் வாக்கியம் முடிந்த உடனே, அதன்பின் வாக்கியத்தின் நடுவில், கடைசியில் வாயைத் திறக்கும் முன்பே. பிழையின் எண்ணிக்கை குறையாத வாரங்களிலும் இந்த நேரம் சுருங்கிக்கொண்டே வரும். மனம் தளர்கிறவரிடம் அதைக் காட்டுங்கள்.

10. மறுபடி அளந்து பாருங்கள்

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் முதல் படியில் செய்த அதே மூன்று வகைப் பேச்சையும் புதிய தலைப்பில் பதிவு செய்யுங்கள். பிழைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். அந்த வடிவம் தேவைப்பட்ட இடங்கள் எத்தனை, அதில் சரியாக வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். சிலர் பிழைக்குப் பயந்து அந்த வடிவத்தையே தவிர்த்துவிடுவார்கள். பிழை பூஜ்யமாக இருக்கும், கற்றதும் பூஜ்யமாக இருக்கும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 'ஹேட்' அவசியமான இடத்திலும் அதை விட்டுவிடுவார். இது பின்னடைவு இல்லை. வடிவத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதன் அடையாளம். 'ஹேட்' வேண்டிய இடமும் வேண்டாத இடமும் சேர்ந்து வரும் ஒரு கதையைச் சொல்ல வைத்து எல்லையைக் காட்டினால் சரியாகிவிடும்.

பத்துக்கு எட்டு இடத்தில் சரியாக வந்து, மிச்சத்தை அவரே பிடித்துத் திருத்தினால் அடுத்த இரண்டு பிழைக்குப் போகலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். நூற்றுக்கு நூறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு சுற்று முடிந்தும் ஒரு பிழை அசையவே இல்லை என்றால், மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய் அது சரியான குவியலில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த பிழை என்று நாம் நினைத்தது தெரியாத பிழையாகவோ, இலக்கணம் என்று நினைத்தது உச்சரிப்பாகவோ இருப்பது வழக்கம்.